பாடம் செய்த கைகள்



‘பாடம்’ என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கரும்பலகைதான் ஞாபகத்திற்கு வரும். பெரியவர்களுக்கு இன்னொரு பொருளும் தெரியும். மான் தோலைப் பாடம் செய்து வைத்தார்கள், புலித்தலையைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டினார்கள் என்போமே, அந்தப் பாடம். அதன் சரித்திரத்தில் நம் ஜொகூர் மண்ணுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

தங்காக் பக்கம் போகிறவர்கள் லேடாங் மலையைப் பார்த்திருப்பீர்கள். 1,276 மீட்டர் உயரம். வெள்ளைக்காரர்கள் ஓபிர் மலை என்று அழைத்தது இதைத்தான். 1854 ஆம் ஆண்டு ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் மலாக்காவிலிருந்து வந்து இந்த மலையில் ஏறினார். உயிரினங்கள் எப்படி மாறி மாறி வந்தன என்பதை டார்வினைப் போலவே தாமும் தனியாக யோசித்து 1858இல் எழுதியவர் இவர்தான். ஆனால் பணக்காரர் அல்லர். பறவை, பூச்சி, பிராணிகளைப் பிடித்துப் பாடம் செய்து லண்டனில் இருந்த ஏஜெண்டுக்கு அனுப்புவார். அதை விற்று வருகிற காசில்தான் சாப்பாடு. தோல் அழுகிப்போனால் அன்றைய கூலி போச்சு!

மலாக்காவில் அவர் இரண்டு போர்த்துகீசியரை வேலைக்கு வைத்தார். ஒருவர் சமையலுக்கு, மற்றவர் பறவைகளைச் சுட்டுத் தோல் உரிப்பதற்கு. அந்தக் காலத்து மலாக்காவில் அது ஒரு தனித் தொழிலாகவே இருந்ததாம். லேடாங் காட்டில் அட்டைகள் கடித்தன. யானை லத்தியும் காண்டாமிருகச் சுவடும் தென்பட்டன. அவர் ஆசைப்பட்டதோ குவாவ் என்னும் அழகிய காட்டுக்கோழியின் மேல். அது மட்டும் கண்ணிலேயே படவில்லை. இருபது வருஷமாக இந்தக் காடுகளில் பறவை சுட்ட ஒரு மலாய்க்காரரே, பிடிபட்ட குவாவைத்தான் பார்த்திருக்கிறேன், காட்டில் உயிரோடு கண்டதில்லை என்றாராம். நம் ஊர்ப் பறவை அவ்வளவு கெட்டிக்காரப் பறவை!

சரி, தோலை எப்படிப் பாடம் செய்வது? அணில் அளவுள்ள பிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு வெயிலுக்கும் ஈரத்துக்கும் மறுநாள் வரை தாங்காது. அன்றைக்கே முடிக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் தோலை மட்டும் கீறி, குடலில் கத்தி படாமல் மெல்ல விலக்க வேண்டும். கால் எலும்பை மூட்டருகே வெட்டிவிட்டு, குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி தோலைத் தலைப்பக்கமாகப் புரட்ட வேண்டும். காது, கண்ணிமை, உதடு ஆகிய இடங்களில்தான் அவசரக்காரன் தோற்றுப்போவான். பிறகு கொழுப்பைச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் தங்கிவிட்டாலும் நாளடைவில் எண்ணெய் கசிந்து தோல் வெந்ததுபோல் உதிரும், முடியும் கொட்டும். அதன்பின் உள்பக்கம் மருந்து பூசி, பஞ்சு அடைத்து, தைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு சீட்டும் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத தோலால் ஆராய்ச்சிக்காரருக்குப் பயன் குறைவு.

அந்த மருந்து என்ன தெரியுமா? பாஷாணம்! பிரான்சில் மெட்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரரான பெகூர் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாஷாணத்தோடு சோப்பும் கற்பூரமும் சேர்த்து ஒரு களிம்பு செய்தார். தோலைத் தின்னும் பூச்சி கிட்டே வராது. மனிதனுக்கும் அது விஷமே. அதனால்தான் பழைய தோல்களை மியூசியத்தார் இன்றும் கையுறை போட்டுத் தொடுகிறார்கள். பிள்ளைகளே, பழைய பாடம் செய்த பிராணி எங்கேயாவது கண்ணில் பட்டால் தடவிப் பார்க்காதீர்கள். இன்னொன்று: 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பிராணியை அனுமதியின்றிக் கொல்வதும் அதன் தோலை வைத்திருப்பதும் குற்றம்.

களிம்பு பூசும் முன்பே எறும்பும் நாயும் வந்துவிடும். வாலஸ் தீவு தீவாக அலைந்தபோது அவர் மேசையிலிருந்தே எறும்புகள் பூச்சிகளைத் தூக்கிப்போயின. பையன்கள் ஒரு கணம் திரும்பினால் பாதி உரித்த பறவையை நாய் கவ்விக்கொண்டு ஓடிவிடும்.

வாலஸ் லண்டனிலிருந்து சார்லஸ் என்ற பையனைக் கூட்டி வந்திருந்தார். இவனுக்கு எதையும் நேராக வைக்கத் தெரியவில்லையே என்று கடிதத்தில் அலுத்துக்கொண்டார். (பின்னாளில் அவனும் தேறித் தனியாகவே பறவை சேகரித்தான். ஆசிரியர்களே, நாமும் அவசரப்பட வேண்டாம்.) 1855இல் சரவாக்கில் சமையலுக்குச் சேர்ந்த அலி என்ற மலாய்ப் பையனோ, சுடவும் உரிக்கவும் சீக்கிரமே கற்றுக்கொண்டான், கடைசியில் தோலை அழகாகப் பாடம் செய்யவும் தேர்ந்தான். வாலஸ் சேர்த்தவை மொத்தம் 1,25,660. அதில் பறவைகள் 8,050. அலியின் கை பட்டவை ஆயிரக்கணக்கில். 1858இல் பச்சான் தீவில், மார்பில் பச்சையும் தோளில் நீண்ட வெள்ளை இறகுகளும் கொண்ட புதுப் பறவை ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தவனும் அவன்தான். அறிவியல் உலகம் அதற்கு வாலஸின் பெயரை வைத்தது.

நமக்கு இது புதிதா? பால் மரம் வெட்டிய நம் பாட்டிமாரின் பெயர் எந்த ரப்பர் ஷீட்டில் அச்சாகி இருந்தது? ஆனாலும் வாலஸ் நன்றி கெட்டவர் அல்லர். 1862இல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது தம் இரண்டு துப்பாக்கிகளையும் பணத்தையும் அலிக்குக் கொடுத்தார். தம் வாழ்க்கை வரலாற்றில் அவனுடைய படத்தையும் போட்டார்.

1907இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்கர் தெர்னாத்தே தீவுக்குப் போயிருந்தார். அங்கே வழியில் ஒரு கிழவர் அவரை நிறுத்தித் தம் பெயரைச் சொன்னார்: “அலி வாலஸ்.”