நஞ்சிலிருந்து பிறந்த மருந்து

பச்சிலை வைத்தியம் என்ற சொல் எழுந்தவுடன் நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். முன்னோர் கண்ட மூலிகையில் குறையென்பதே இல்லை, அதனை ஆராயப் புகுவதே பிழை என்பர் ஒரு சாரார். இலையும் வேரும் பாட்டிமார் கதை, டாக்டர் தரும் மாத்திரை ஒன்றே மருந்து என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. இன்று நீரிழிவு நோயாளர்க்கு உலகெங்கும் மிகுதியாக வழங்கப்படும் மெட்பார்மின் என்னும் மாத்திரையின் வரலாறே அது. நகரத்து ஆஸ்பத்திரியிலும் சிற்றூர் மருந்தகத்திலும் நம்மவர் மாதந்தோறும் பெற்றுவரும் அம்மாத்திரை, ஐரோப்பாவின் ஈர நிலங்களில் தானே முளைக்கும் ஒரு செடியை மூலமாகக் கொண்டது.

அச்செடியைத் தாவர நூலார் கலேகா ஒபிசினாலிஸ் என்பர். ஆங்கிலேயரோ 'ஆட்டு அருவதா' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். அவரை இனத்தைச் சார்ந்தது. ஊதாவும் வெண்மையுமான பூங்கொத்துகளை உடையது. காய்ச்சலுக்கும், குடற்புழுவுக்கும், கொள்ளை நோய்க்குங்கூட இதனைக் கொடுக்கலாம் என்று ஐரோப்பியரின் பழைய மூலிகை நூல்கள் கூறின. பால் சுரப்பைப் பெருக்கும் என்றும் மக்கள் நம்பினர். 1891-ம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் நல்ல தீவனமாகும் என்று கருதி இதனைப் பயிரிட்டனர். நடந்ததோ வேறு. தின்ற கால்நடைகளுக்கு அது நஞ்சாயிற்று; வாய்க்கால் வரப்பெங்கும் பரவிக் களையுமாயிற்று. ஒரே செடி மருந்தெனவும் நஞ்செனவும் பெயர் பெற்றது எவ்வாறு? இதற்கு விடை கூறியது இரசாயன நூலே.

1861-ம் ஆண்டில் ஸ்ட்ரெக்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர், கடற்பறவை எச்சத்தில் கிடைத்த ஒரு பொருளைச் சிதைத்துக் குவானிடின் என்ற சேர்மத்தைப் பெற்றார். 1914-ம் ஆண்டில் ஜார்ஜ் தான்ரே என்னும் பிரெஞ்சு இரசாயனப் புலவர், மேற்கூறிய செடியிலிருந்து கலேகின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். அது குவானிடினுக்கு நெருங்கிய உறவுடையது. 1918-ம் ஆண்டில் வாத்தனாபே என்பார், குவானிடின் விலங்குகளின் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டு எழுதினார். குவானிடினோ கொடிய நஞ்சு. மனிதர்க்குத் தரத் தக்கதன்று. கலேகின் அத்துணைக் கொடுமை இல்லாததாகலின், 1920-களில் பிரான்சு தேசத்தில் அதனை நோயாளர் சிலர்க்குக் கொடுத்தும் பார்த்தனர். சர்க்கரை குறைந்தது, ஆயினும் பயன் நெடுநேரம் நிலைக்கவில்லை.

ஆகவே இயற்கை தந்த சத்தைத் திருத்தியமைக்க அறிஞர் முனைந்தனர். 1926-ம் ஆண்டில் ஜெர்மனியின் பிரெஸ்லவு நகரில் பிராங்கு முதலியோர் சிந்தாலின் என்னும் மருந்தை நோயாளர்க்குக் கொடுத்தனர். ஊசி வேண்டாம், வாயால் உண்டாலே போதும் என்று மக்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அது கல்லீரலைக் கெடுப்பது வெளிப்பட்டபின் மருத்துவர்கள் படிப்படியாக அதனைக் கைவிட்டனர். சர்க்கரையைக் குறைப்பது மட்டும் மருந்தின் இலக்கணம் ஆகாது, உண்டவன் உடலுக்குக் கேடு செய்யாமையும் வேண்டும் என்ற பாடத்தை மருத்துவ உலகம் அப்பொழுது கற்றது.

இதற்கிடையில் மெட்பார்மின் தோன்றியிருந்தது. 1922-ம் ஆண்டிலேயே அயர்லாந்தின் டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்னும் இருவர் இதனைச் செய்து முடித்தனர். 1929-ம் ஆண்டில் முயல்களிடம் சோதித்தபோது சர்க்கரையைக் குறைப்பதும் தெரிந்தது. எனினும் யாரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. காரணம் யாது? 1921-ம் ஆண்டில் கனடா நாட்டின் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டிலேயே, சாவின் வாயிலில் கிடந்த சிறுவர்கள் அவ்வூசியால் எழுந்து நடந்தனர். அந்த ஒளியில் இச்சிறு விளக்கு கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

பின்னர் அதனை மீட்டவர் இருவர். பிலிப்பைன் தீவுகளில் எசேபியோ கார்சியா என்னும் மருத்துவர், 1949-ம் ஆண்டையொட்டி இதனை விஷக்காய்ச்சலுக்குக் கொடுத்து வந்தார். இது இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மையையும் எடுத்துக் கூறினார். பாரிஸில் இளமையிலேயே கலேகினை ஆராய்ந்திருந்த ழான் ஸ்டெர்ன் என்னும் மருத்துவர், அக்குறிப்பைக் கண்டு இம்மருந்தை நோயாளரிடம் முறையாகச் சோதித்து, 1957-ம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். கல்லீரல் வேண்டாதபோதும் சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விடுவதை இது மட்டுப்படுத்துகிறது என்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

அப்பொழுதும் சோதனை ஓயவில்லை. இதன் உடன்பிறப்பாகிய பென்பார்மின் என்பது இரத்தத்தில் அமிலத்தைப் பெருக்கி உயிர்களைக் கவர்ந்தமையால், 1970-களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அப்பழி மெட்பார்மினையும் நிழல்போல் தொடர்ந்தது. அமெரிக்க அரசாங்கம் இதற்கு இசைவளித்தது 1994-ம் ஆண்டின் இறுதியில்தான். பிரிட்டனில் 20 ஆண்டுகள் நடந்த பேராராய்ச்சியின் முடிவு 1998-ம் ஆண்டில் வெளிவந்தது. உடல் பருத்த நோயாளருள் இம்மருந்தை உண்டவர்க்கு மாரடைப்பு 39 விழுக்காடு குறைந்திருந்தது. டப்ளினில் செய்யப்பட்ட நாளிலிருந்து எண்ணினால், நம்பிக்கை உறுதிப்பட 76 ஆண்டுகள் சென்றன.

இனி நம்முடைய பச்சிலைக்கு வருவோம். தமிழ்நாட்டு வேலிகளிலும் காடுகளிலும் படரும் சிறுகுறிஞ்சானை, சர்க்கரைக்கொல்லி என்றே மக்கள் அழைப்பர். அதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். நீலகிரியில் சிங்கோனாப் பட்டையை ஆராய்ந்துவந்த டேவிட் ஹூப்பர் என்னும் அரசாங்க இரசாயனப் புலவர், 1887-ம் ஆண்டில் அவ்விலையிலுள்ள சத்துக்கு ஜிம்னிமிக் அமிலம் என்று பெயரிட்டார். நாவில் இனிப்பு மறைந்தால் இரத்தத்திலும் சர்க்கரை மறைந்துவிடுமா? மறையாது, அது வேறு, இது வேறு. இரத்தத்தை அளந்தே அதனை அறியவேண்டும். சென்னைப் பல்கலைக் கழக அறிஞர்கள் 1990-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 22 நோயாளர் வழக்கமான மாத்திரைகளோடு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சத்து உண்டுவர, இரத்தச் சர்க்கரை குறைந்தது. இது நல்ல தொடக்கம். எனினும் 22 பேரைக் கண்டு உலகத்துக்கு விதி வகுத்தல் இயலாது. ஆயிரக்கணக்கானவரிடம் நெடுநாள் சோதித்த சான்று சிறுகுறிஞ்சானுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இதனை இத்துணை விரித்துரைப்பது ஏன்? மலேசியாவில் 2019-ம் ஆண்டு எடுத்த தேசியக் கணக்கின்படி, வயது வந்தோருள் 100-க்கு 18 பேர் நீரிழிவினர். இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே மிகுதி. கால் இழப்பதும், கண் மங்குவதும், சிறுநீரகம் ஓய்வதும் நம் குடும்பங்களிலேயே நடப்பவை. இந்நிலையில் அண்டை வீட்டார் சொல்கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை நம்பியிருப்பது ஆபத்து. பெயரறியாத சூரணம் அதனினும் ஆபத்து. சிங்கப்பூரில் 2008-ம் ஆண்டில் ஆண்மை மருந்து எனக் கள்ளத்தனமாக விற்ற பண்டங்களில் கிளைபென்கிளமைடு என்னும் சர்க்கரை மருந்து கலந்திருந்தது. அவற்றுள் மூலிகைப் பெயர் தாங்கியனவும் இருந்தன. நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து ஆஸ்பத்திரி சேர்ந்தனர், நால்வர் மாண்டனர்.

அன்பர்களே! மூலிகையை இகழவேண்டாம், இன்றைய மாத்திரையின் தாயே ஒரு மூலிகைதான். ஆனால் அத்தாயை அப்படியே உண்டிருந்தால் நாம் நஞ்சுண்டவராவோம். அதன் சத்தைப் பிரித்து, குறையைத் திருத்தி, அளவை வரையறுத்து, தவறியதைத் தவறியதென ஒப்புக்கொண்ட உழைப்பே அதனை மருந்தாக்கிற்று. சிறுகுறிஞ்சானும் பாகலும் அத்தகைய உழைப்புக்குக் காத்திருக்கின்றன. நம் பிள்ளைகளுள் இரசாயனமும் மருத்துவமும் பயில்வோர் அதனை மேற்கொள்ளட்டும். அதுவரை, பச்சிலை உண்ண விரும்புவோர் மருத்துவரிடம் மறையாமற் சொல்லி, இரத்தத்தை அளந்து பார்த்து உண்க. உண்டுவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தாதிருக்க.