கறுப்புத் திரையில் இரண்டு வரி

சிவகாசியில் டி.டி.பி. சென்டர்களுக்கு சிஸ்டம் சர்வீஸ் பார்த்தே என் இளவயது கழிந்தது. 2002க்குப் பிறகு நாலைந்து வருஷம், நான் கைவைத்த பெட்டிகளில் பலவற்றில் சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து நிற்கும். மேலே விண்டோஸ் எக்ஸ்பி. கீழே வெறுமனே 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்'. அந்தக் கீழ் வரிதான் விண்டோஸ் 98. முப்பது வினாடிக்குள் யாரும் அம்புக்குறியைத் தொடாவிட்டால் எக்ஸ்பி தானாக எழுந்துவிடும்.

இரண்டையும் வைத்திருந்ததற்குக் காரணம் தமிழ். பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் சிலவற்றுக்கு டாங்கிள் என்று ஒரு பூட்டு உண்டு. தீப்பெட்டி மாதிரி இருக்கும். பிரிண்டர் கேபிள் செருகும் போர்ட்டில் மாட்ட வேண்டும். 98இல் மென்பொருள் அந்த போர்ட்டை நேராகத் தொடலாம். என்.டி. வழியில் வந்த எக்ஸ்பி அதற்கு விடாது, தனி டிரைவர் கேட்கும். டிரைவர் இல்லாத சென்டர்களில் படம் திருத்த எக்ஸ்பி, தமிழ் அடிக்க 98 என்று ஆகிப்போனது.

இந்த ஏற்பாட்டின் வேர் 1993இல் வந்த விண்டோஸ் என்.டி.யில் இருக்கிறது. டாஸ் குடியிருந்த பெட்டியில் என்.டி. குடியேறினால் பழையதைத் துரத்தாது. சி டிரைவின் பூட் செக்டரில் இருந்த 512 பைட்டை அப்படியே எடுத்து பூட்செக்ட்.டாஸ் என்ற கோப்பில் பத்திரப்படுத்தும். கீழ் வரியைத் தேர்ந்தால் அந்த 512 பைட் மெமரிக்கு ஏறும். பழைய சிஸ்டம் தான் மட்டுமே இருப்பதாக நினைத்து எழுந்து வரும். எவ்வளவு மரியாதையான வேலை!

இந்த வரிகளின் பட்டியல் இருப்பது பூட்.ஐ.என்.ஐ என்ற சாதாரண எழுத்துக் கோப்பில். நோட்பேடிலேயே திறக்கலாம். எக்ஸ்பியின் வரி 'மல்டி(0)டிஸ்க்(0)ஆர்டிஸ்க்(0)பார்ட்டிஷன்(2)' என்று போகும். டிஸ்க்கை 0இலிருந்து எண்ண வேண்டும், பார்ட்டிஷனை 1இலிருந்து. ரிஸ்க் சிப் கணினிகளுக்காக வகுத்த முகவரி முறை அது.

2006 ஜூலை 11ஆம் தேதியோடு 98க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. "அந்தப் பழசைத் தூக்கிருப்பா" என்று சென்டர்காரர்கள் ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். எக்ஸ்பி டியில்தானே இருக்கிறது என்று, பிளாப்பி போட்டு சி டிரைவை பார்மட் அடித்த பையன்கள் உண்டு. அடுத்த தடவை எதுவுமே எழாது. டியில் இருக்கிற எக்ஸ்பியை எழுப்பும் என்.டி.எல்.டி.ஆர் என்ற லோடரும் பட்டியலும் சியில்தான் இருந்தன.

ஒரு சென்டரில் பூட்.ஐ.என்.ஐயையே அழித்திருந்தார்கள். ஹால்.டி.எல்.எல். காணோம் என்றது திரை. அந்தக் கோப்பை சிடியிலிருந்து எடுத்து டியில் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்து, ராத்திரி ஒரு மணியாகிவிட்டது எனக்கு. அது முதலிலிருந்தே அங்கே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பட்டியல் இல்லாததால் லோடர் வழக்கப்படி முதல் பார்ட்டிஷனின் விண்டோஸ் ஃபோல்டரில் போய்த் தேடியிருக்கிறது. அது 98இன் வீடு. அங்கே ஏது ஹால்?

அன்றிலிருந்து வரியை மட்டும்தான் எடுப்பேன். கோப்பின் மறைவு, சிஸ்டம், ரீட்-ஒன்லி என்ற பண்புகளை நீக்கி, ஒரு நகலை பிளாப்பியில் வைத்துக்கொண்டு, கடைசி வரியை அழித்து சேவ் பண்ணுவேன். மிஞ்சுவது ஒரே வரி என்றால் பட்டியலே திரைக்கு வராது. 98இன் ஃபோல்டர்களில் கைவைக்க மாட்டேன். 2007இல் விஸ்டா வந்தபின் பட்டியல் பைனரியாகி, பி.சி.டி.எடிட் போன்ற கருவிகள் வழியாகத்தான் தொட முடிந்தது. நோட்பேடில் திறந்து கண்ணால் வாசித்த காலம் அதோடு சரி.

ஆடிப் பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு வருஷம் அதற்கு முந்தின வாரம் ஒரு அச்சகத்தில் வரியை எடுத்துக் கொடுத்திருந்தேன். கார்த்திகையில் அந்த அச்சக அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, மூணு வருஷத்துக்கு முந்தி அடிச்ச பஞ்சாங்கப் பக்கம் வேணும். எக்ஸ்பியில திறந்தா எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது."

"டாங்கிள் இருக்கா அண்ணாச்சி?"

மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாட்டினேன். அழித்த வரியைத் திரும்ப அடித்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். இரண்டு வரி வந்தது. கீழே இறங்கி என்டர் தட்டியதும், மேகம் மிதக்கும் அந்த நீலத் திரை வந்தது.