கல்வராயன் மலையும் காப்பீட்டு அட்டையும்

1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் கிடந்து, வாக்களிக்கும் உரிமையையே 1996-இல்தான் பெற்ற கல்வராயன் மலைக்குடிகளுக்கு, பெருநோய்க்கான வைத்தியச் செலவை அரசாங்கமே ஏற்கும் என்ற வார்த்தை 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் வடிவில் வந்தபோது, அது நம்பத்தக்கதாகவா தோன்றியிருக்கும்?

ஆட்சி மாறியது; 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது; அட்டையும் மாறியது. (இது நம் நாட்டுச் சம்பிரதாயம் போலும்.) ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு ஆட்சியர் அலுவலகத்துப் பதிவு மையத்துக்குச் சென்று புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது; கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019 நவம்பர் வரையில் அந்த அலுவலகமோ விழுப்புரத்தில் இருந்தது. முகாம் ஏதும் வராத காலத்தில், மலைமீதுள்ள வெள்ளிமலை ஊரின் முழங்கால் வலிக்காரக் கிழவி ஒருத்தி, மலையிறங்கிக் கள்ளக்குறிச்சியில் பேருந்து மாறி அவ்வளவு தூரம் போய்வந்த பிறகே சிகிச்சைக்குப் பாத்தியதை உடையவள் ஆனாள். இலவசத்தின் விலை பேருந்துக் கட்டணத்தில் இருந்தது என்பேன்.

2018-இல் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இந்த மாநிலத் திட்டம் இணைந்து, காப்பீட்டுத் தொகை 5 லட்சமாயிற்று. 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய வய வந்தனா அட்டையோ, 70 வயது நிறைந்தவர்க்கு வருமான வரம்பே இல்லை என்றது. வருமானச் சான்று போயிற்று. வயதுக்கு ஆதாரே பிரமாணம். பிறந்த தேதியை எழுதிவைக்கும் வழக்கமில்லாத தலைமுறைக்கு, ஆதார் பதிந்தவர் உத்தேசமாக இட்ட ஆண்டே தகுதியை நிர்ணயிக்கிறது.