ஆறடி நிலம், 15 வருடம்

"கடைசியில் ஆறடி நிலம்தான் சொந்தம்" என்று எந்தச் சாவு வீட்டிலும் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார். சிங்கப்பூரில் அந்த ஆறடியும் சொந்தமில்லை. 1998-ல் வந்த விதிப்படி, புதைத்த உடலுக்கு அங்கே 15 வருடம்தான் தவணை. அப்புறம் தோண்டி எடுப்பார்கள். மதம் அனுமதித்தால் எலும்பை எரித்துச் சாம்பலை மாடத்தில் வைக்கலாம். முஸ்லிம்கள், யூதர்கள் போல எரிக்கக் கூடாதவர்கள் என்றால், சின்னக் குழியில் மறுபடி அடக்கம்.

இது ஒரே நாளில் வந்த விதி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவில் பிழைக்க வந்த சீனர்கள், பேசும் மொழிவாரியாகத் தனித்தனி இடுகாடு வைத்திருந்தார்கள். தியோச்சூக்காரர்களின் இடுகாடு ஒன்று ஆர்ச்சர்ட் சாலையில் இருந்தது. 1950களில் அதைக் காலி செய்தார்கள். இன்று அங்கே நிற்பது நீ ஆன் சிட்டி என்ற பிரம்மாண்டமான ஷாப்பிங் மால். கான்டனீயர்களின் பெக் சான் தெங் இடுகாட்டை 1979-ல் அரசு எடுத்துக்கொண்டது. அந்த இடம் இப்போது பீஷான் என்ற அடுக்குமாடி நகரம். பெக் சான் என்பதன் மாண்டரின் உச்சரிப்புதான் பீஷான். கல்லறைகள் போய்விட்டன, பேர் மட்டும் தங்கிவிட்டது.

பிடாடரியின் கதையும் அதேதான். மலாயில் அந்தச் சொல்லுக்குத் தேவலோகப் பெண் என்று பொருள். நம்ம 'வித்யாதரி'தான் கடல் தாண்டிப் போய் அப்படி ஆகியிருக்கிறது. 1908-ல் திறந்த அந்த இடத்தில் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், இந்துக்கள், சிங்களவர்கள் எல்லோரும் அடக்கமானார்கள். 1972-ல் மூடினார்கள். 2000களில் லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார்கள். இப்போது அங்கே வீடுகள். சில கல்லறைக் கற்களை மட்டும் ஒரு நினைவுப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள்.

அரசின் வாதத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. முழுத் தீவும் சுமார் 730 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாழணும். ஒண்டுக்குடிசையில் இருந்த ஜனத்துக்கு வீடு கிடைத்தது இப்படி எடுத்த நிலத்தில்தான். பேரப்பிள்ளைக்கு வீடா, தாத்தாவுக்குக் கல்லறையா என்று கேட்டால் பெரும்பாலான தாத்தாக்களே வீடு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் 2011-ல் கேள்வி கொஞ்சம் மாறியது. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள் இருந்த புக்கிட் பிரவுனை வெட்டி நெடுஞ்சாலை போடப்போவதாக அறிவிப்பு வந்தது. இந்த முறை கேட்டது வீட்டுக்கு இல்லை, காருக்கு. இளைஞர்கள் கிளம்பினார்கள். வார இறுதிகளில் ஆட்களைக் கூட்டிப்போய்க் கல்லறைகளைக் காட்டினார்கள். சீனச் செல்வந்தர்களின் சமாதிக்குத் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள் காவல் நிற்பதைப் பலர் அப்போதுதான் முதல்முறை பார்த்தார்கள். சாலை நிற்கவில்லை, 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகள் போயின. ஆனால் தோண்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஆவணப்படுத்த அரசே ஒரு குழுவை அமர்த்தியது. முந்தைய இடுகாடுகளுக்கு இந்த அளவு கவனிப்பு கிடைத்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் உண்மையிலேயே தொலைந்துபோகிறவர் யார்? வாரிசு இருக்கிறவருக்கு மாடம் கிடைக்கும். புக்கிட் பிரவுனில் உரிமை கோரி யாரும் வராத எச்சங்களைக் கடலில் கரைப்பது என்று முடிவானது. கல்யாணம் பண்ணாமல் கூலிவேலை பார்த்துச் செத்தவருக்கு, அவர் இருந்தார் என்று சொல்ல அந்தக் கல் ஒன்றுதான் இருந்திருக்கும். கடல் தாண்டிப் பிழைக்கப்போன ஆட்கள் நம்ம குடும்பங்களிலும் உண்டு. போனவர் திரும்பலை, தகவலும் இல்லை என்பதோடு முடிந்த கதைகள் எத்தனை! அவர்களைத் தேடி நாளைக்கு யாராவது போனால் பார்க்கக் கிடைப்பது ஒரு பதிவேட்டு வரி, அதுவும் யாராவது எழுதி வைத்திருந்தால்.

இன்று அந்நாட்டில் புதைக்க மிச்சமிருக்கும் ஒரே இடம் சுவா சூ காங். 2007 முதல் அங்கே கான்கிரீட் அறைகளை இடைவெளியில்லாமல் அடுக்கி அடக்கம் செய்கிறார்கள். பக்கத்து விமானப்படைத் தளத்தை விரிவாக்க, அங்கேயும் சுமார் 80,000 கல்லறைகளை எடுப்பதாக 2017-ல் அறிவித்துவிட்டார்கள்.