பனி என்னும் சொல்லும் பனி என்னும் பகையும்

தமிழில் 'பனி' என்பது மென்மையான சொல். தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் முன்பனியும் பின்பனியும் இடம்பெறுகின்றன. ஆயினும், அப்பனி புல்நுனியில் நின்று, கதிரவனைக் கண்டதும் மறையும் நீர்த்துளியே ஆகும். ஆளைப் புதைக்கும் பனியைத் தமிழர் தம் நிலத்தில் கண்டிலர். பத்து பெரண்டாம் வட்டாரத்து நம் மாணவரும் மழையை அறிவர்; பனிமலையை அறியார்.

எனினும், இமயம் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. சேரன் நெடுஞ்சேரலாதன் இமயவரம்பன் எனப் போற்றப்பட்டான். கண்ணகி படிமத்திற்குச் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கொணர்ந்தான் என்பது சிலம்பு கூறும் செய்தி. 1997 மே 23-இல் நம் நாட்டின் மகேந்திரனும் மோகன்தாசும் மலேசியருள் முதல்வராய் எவரெஸ்ட் முடியில் கால் பதித்தனர். புலவர்க்கு அசையாமையின் உருவமாய் நின்ற அம்மலை, நமக்கு மேலும் அணுக்கமாயிற்று.

மலை அசையாது நிற்கலாம். அதன் மேற்கிடக்கும் பனி அவ்வாறன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. அடியிலுள்ள வெப்பத்திற்கும் மேலுள்ள கடுங்குளிருக்கும் இடைப்பட்ட சில அடுக்குகள், நாளடைவில் சர்க்கரைமணிபோல் ஒட்டற்றுப் போகின்றன. அவற்றின்மேல் புதுப்பனியும் காற்று கொணர்ந்த பனியும் பலகைபோல் இறுகுகின்றன. மேற்சுமை மிகின், அல்லது மனிதன் ஒருவன் கால் வைப்பின், வலுவற்ற அடுக்கு நொறுங்கும். மேற்பலகை முழுதும் பெயர்ந்து பாயும். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சரிவுகளே இதற்குப் பெரிதும் இடமாவன. புதையுண்டாரைக் கால்மணி நேரத்திற்குள் மீட்டால் உயிர் பிழைக்க வாய்ப்புண்டு. அதன்பின் அவ்வாய்ப்பு விரைந்து குறையும். நின்றுவிட்ட பனி கற்காரைபோல் இறுகிவிடுவதால் புதைந்தவரால் கையையும் அசைக்க இயலாது.

இவ்வுண்மையைத் தமிழுலகம் 2016 பிப்ரவரி 3-இல் கண்ணீரோடு கற்றது. சியாச்சின் பனியாற்றில், 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின்மேல் பெரும் பனிக்கட்டிச் சுவர் பெயர்ந்து வீழ்ந்தது. மெட்ராஸ் படைப்பிரிவின் பத்தொன்பதாம் அணியினர் பதின்மர் புதையுண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். ஏறத்தாழ 25 அடி ஆழத்தில், ஆறாம் நாளில், கன்னட நாட்டு வீரர் அனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-இல் தில்லி மருத்துவமனையில் மறைந்தார்.

1984 முதல் இந்தியப் படை காத்துவரும் அப்பனியாற்றில், பகைவர் குண்டினும் பனியும் குளிருமே மிகுதியான உயிர்களைக் கொண்டன. வெம்மை மிகுந்த மண்ணில் பிறந்த அந்நால்வர்க்கும் பனி தாய்மொழியில் ஒரு துளியின் பெயர்; இறுதியில் அதுவே அவர்க்குக் கல்லறையாயிற்று.

ஆசிரியப் பெருமக்கள் முன்பனியும் பின்பனியும் கற்பிக்கும் வகுப்பில் இதனையும் ஒரு நாழிகை எடுத்துரைத்தல் வேண்டும். இமயத்தைப் புகழ்ந்த மொழி, அதன் இயல்பையும் உரைக்கட்டும். பனிச்சரிவு, பனியாறு, பனியடுக்கு என்னும் சொற்கள் மாணவர் நாவில் பொருளறிந்து பயிலட்டும். அந்நால்வர்க்கு நாம் செய்யத்தக்க நினைவுக்கடன் அதுவே.