மணலில் விரல், திரையில் விரல்

திண்டுக்கல் பக்கத்துச் சித்தையன்கோட்டைக் கடைத்தெருவில் ஒன்றேகால் கிலோ தக்காளி கேட்பவர் உண்டு. ஒன்று புள்ளி இரண்டு ஐந்து கிலோ கேட்பவர் இல்லை. மின்தராசு 1.250 என்று காட்டினாலும் பேச்சு காலும் அரையும் முக்காலுமாகத்தான் ஓடுகிறது. தராசுக்குத் தெரியாத இந்தக் கணக்கு திண்ணைப் பள்ளியிலிருந்து வந்த சொத்து.

அங்கே கணக்குப் பாடம் என்றால் எண்சுவடி. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியையும் 320 பங்காக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று. சட்டாம்பிள்ளை முறை வைக்க, மற்ற பிள்ளைகள் கூடவே ஓங்கிச் சொல்வார்கள். நெல் அளக்கவும் வட்டி போடவும் நிலத்தைக் குழி, மா என்று பிரிக்கவும் அந்த மனப்பாடம் கைகொடுத்தது. எழுத்துக்கு முதல் ஏடு மணல். பிழை விட்டால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். விரல் தேறிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறியதை அழிக்க வழியில்லை.

இந்த மணல் கடல் தாண்டியது. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ ஆதரவற்றோர் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டு, 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது 'மெட்ராஸ் முறை' ஆயிற்று.

இங்கே என்ன இருக்கிறது என்று கும்பினி அரசு கணக்கெடுக்கத் தொடங்கியது 1822இல். கவர்னர் தாமஸ் மன்றோ கேட்க, கலெக்டர்கள் எழுதி அனுப்பினார்கள். திண்டுக்கல் அப்போது மதுரைச் சீமையோடு சேர்ந்திருந்தது. மதுரைக் கணக்கில் 844 பள்ளிகள், 13,781 மாணவர்கள். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெருமைப்பட்டு அங்கேயே நின்றுவிட முடியாது. தீண்டாமைக்கு ஆளான சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். மனப்பாடத்துக்குப் பின்னால் பிரம்பும் இருந்தது.

மிஷன் பள்ளியும் அரசுப் பள்ளியும் சிலேட்டு, கரும்பலகை, அச்சுப் புத்தகம் என்று கொண்டுவந்தபோது ஓலை ஒதுங்கியது. ஆனாலும் ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை, பதினாறில் ஒன்றான மாகாணிக்கு வேலை இருந்தது. ஓர் அணா என்பதே மாகாணி ரூபாய்தானே. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயாபைசா ஆனதும் அதற்கும் ஓய்வு கிடைத்தது. வீட்டில் தாத்தா சொன்ன வாய்ப்பாடு ஒன்று, பள்ளியில் பேரன் படித்த வாய்ப்பாடு வேறு.

கருவியையே பாடமாக்கிப் பார்த்ததும் இந்தப் பக்கத்தில்தான். சின்னாளபட்டியை ஒட்டி 1947இல் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், காந்தியின் ஆதாரக் கல்வியைப் பின்பற்றியது. நூல் நூற்பதும் தோட்ட வேலையும் அந்தக் கல்வியில் பாட நேரத்துக்குள்ளேயே வரும். நூற்ற நூலை அளப்பதே கணக்கு, பருத்தி எங்கே விளையும் என்பதே பூகோளம்.

பிறகு திரைகள் வந்தன. 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2018இன் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சாயிற்று. அடுத்து கொரோனா பள்ளிகளை மூடியது. செல்போன் இருந்த வீட்டில் வகுப்பு நடந்தது, இல்லாத வீட்டில் நின்றது.

அந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம் என்று பழைய வாய்மொழி வழிகள் வகுப்புக்குள் திரும்பின. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தார்கள். வயது பாராமல் தேர்ச்சி பார்த்து உட்காரவைத்த திண்ணையின் சாயல் அதில் உண்டு. பிள்ளைகள் கைதட்டி எண்பாட்டு பாட, யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியர் செல்போன் செயலியில் பதிகிறார்.