இளையோர் நாணயச் சேகரிப்பு

பள்ளி, கல்லூரிப் பருவத்தினர் பழைய, புதிய நாணயங்களைத் தேடி, இனம் பிரித்து, குறிப்பெழுதிப் பாதுகாக்கும் பொழுதுபோக்கு. தபால்தலை, தீப்பெட்டி லேபிள் போன்ற பிற சேகரிப்புகளைப் போலவே இதுவும் பெரும்பாலும் வீட்டில்தான் தொடங்குகிறது. பாட்டியின் சுருக்குப்பை, பூஜை அறை உண்டியல், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் என்று ஏதோ ஒன்றிலிருந்து முதல் கைப்பிடிக் காசு வருகிறது. இக்கட்டுரை இந்தியாவில், குறிப்பாகத் தமிழகத்தில், இப்பொழுதுபோக்கு நடைபெறும் முறையைக் கூறுகிறது.

அரிய காசு கிடைத்தால்தான் சேகரிப்பு என்ற எண்ணம் தொடக்கநிலையினரிடம் பரவலாக உண்டு. உண்மையில் அரிய காசுகளைவிட, கடையில் மீதிச் சில்லறையாக வரும் காசுகளே இளையோருக்கு அதிகம் கற்றுத்தருகின்றன. அவற்றைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம், எடை போடலாம். தொலைந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

புழக்கக் காசும் மின்ட் மார்க்கும்

புழக்கத்திலுள்ள ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஆண்டு எண்ணுக்குக் கீழே பார்த்தால் மிகச் சிறிய குறி ஒன்று தெரியும். புள்ளி இருந்தால் அது நொய்டா நாணயச்சாலையில் அச்சிட்டது. ஐந்துமுனை நட்சத்திரம் என்றால் ஐதராபாத். சிறு வைர வடிவம் என்றால் மும்பை. எந்தக் குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா. சேகரிப்போர் இதை மின்ட் மார்க் என்றே சொல்வார்கள். ஐதராபாத்தின் பழைய காசுகளில் நட்சத்திரத்துக்குப் பதிலாக, நடுவில் பிளந்த வைரமும் புள்ளி வைத்த வைரமும் வரும். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று போதும். நொய்டா நாணயச்சாலை 1988இல்தான் தொடங்கியது. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டுக் காசில் ‘நொய்டா புள்ளி’ என்று ஒருவர் காட்டினால் அது தேய்மானம் அல்லது அழுக்கு. வெளிநாட்டில் அச்சிட்டு வரவழைத்த காசுகளும் உண்டு. 1985ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையிலிருந்து வந்தது.

ஒரே மதிப்புள்ள நாணயத்தை ஆண்டுவாரியாகவும் சாலைவாரியாகவும் நிரப்புவதே மலிவான, முடிவில்லாத முதல் திட்டம். காந்தத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் உலோக மாற்றம் தானே விளங்கும். 1980களின் செம்பு-நிக்கல் ரூபாய் காந்தத்தில் ஒட்டாது. 1992 முதல் வந்த, 4.85 கிராம் எடையுள்ள துருப்பிடிக்காத எஃகு ரூபாய் ஒட்டும். பழைய தடித்த ஐந்து ரூபாய் 9 கிராம் செம்பு-நிக்கல். முகமதிப்பைவிட உலோக மதிப்பு ஏறியதால் அதை எல்லை தாண்டிக் கடத்தி, சவர பிளேடு செய்கிறார்கள் என்ற செய்தி நாளிதழ்களில் அடிபட்டதுண்டு.

பத்து ரூபாய் நாணயத்தின் கதை தனி. ஓரத்தில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறமாக வந்த இக்காசின் பழைய வகைகளில் பதினைந்து கதிர்க்கோடுகள் இருந்தன. ரூபாய்க் குறியீடு வந்தபின் பத்தாகக் குறைந்தன. பதினைந்து கோடு என்றால் கள்ளக்காசு என்று வதந்தி கிளம்பி, தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரர்களும் பேருந்து நடத்துநர்களும் வாங்க மறுத்தார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இக்காசின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. வதந்தியால் நன்மை அடைந்தவர்கள் சேகரிக்கும் சிறுவர்கள்தான். யாரும் வாங்காத காசு வீட்டு உண்டியலில் தங்கிவிட்டது. அந்த ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். 2010இல் ஏற்கப்பட்ட குறியீடு 2011 முதல் நாணயங்களில் ஏறியது.

அணாவும் நயா பைசாவும்

சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆறாம் ஜார்ஜின் தலையே புழங்கியது. 1950 ஆகஸ்ட் 15இல் அரசர் தலை போய் அசோகச் சிங்கம் வந்தது. பைசாவில் குதிரை, அரையணா, ஓரணா, இரண்டணாக்களில் காளை, கால் ரூபாய் முதல் மேலே கதிர்கள். கணக்கு மட்டும் பழையதே: ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 அன்று தசமக் கணக்கு நடைமுறைக்கு வந்து ரூபாய் நூறாகப் பிரிந்தது. பழைய பைசாவோடு குழப்பம் வராமலிருக்க ‘நயா’ என்ற ஒட்டு சேர்த்தார்கள். 1964 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள். எழுத்தறியாதவரும் தொட்டுப் பார்த்தே மதிப்பை அறியும்படி ஐந்து பைசா சதுரம், பத்து பைசா வளைவிளிம்பு, மூன்று பைசா அறுகோணம் என்று வடிவங்கள் அமைந்தன. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாயின. ஐம்பது பைசா இன்றும் சட்டப்படி செல்லும். கடைக்காரரிடம் நீட்டினால் அவர் முகம் போகும் போக்கு வேறு விஷயம்.

வீடுகளில் மிகுதியாகக் கிடைப்பது 1943 முதல் 1947 வரை வெளியான ஓட்டைக் காலணா. நடுவில் வட்டத் துளையுள்ள வெண்கலக் காசு. பழையது என்பதால் விலை மிகும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது நல்ல பாடம். கோடிக்கணக்கில் அச்சடித்ததால் இன்றும் சொற்ப விலைக்கே கிடைக்கிறது. அடுத்துக் கண்ணில் படுவது வெள்ளி ரூபாய். பிரிட்டிஷ் காலத்து நல்ல வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் நிக்கல் ரூபாயே வந்தது. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்குப் ‘பன்றி ரூபாய்’ என்று பெயர். அரசர் மார்பில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் செதுக்கிய யானையின் துதிக்கை குட்டையாகிப்போய், பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பவே காசுகளைத் திரும்பப் பெற்று, பெரும்பகுதியை உருக்கி, 1912இல் துதிக்கையைச் சரிசெய்து வெளியிட்டார்கள்.

நினைவு நாணயங்கள்

இந்தியக் குடியரசின் முதல் நினைவு நாணயம் நேரு மறைந்த 1964இல் வந்தது. அதன் ஐம்பது பைசாவில் ஆங்கில எழுத்து, இந்தி எழுத்து என இரு வகை உண்டு. 1969இன் காந்தி நூற்றாண்டுக் காசில் ‘1869-1948’ என்று மட்டுமே இருக்கும். அச்சிட்ட ஆண்டு இருக்காது. இதைப் பார்த்து 1948ஆம் ஆண்டுக் காசு என்று எழுதிவைத்த ஆல்பங்கள் ஏராளம்.

தமிழகம் தொடர்பானவற்றை மட்டும் சேர்ப்பதும் ஒரு வழி. 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியான திருவள்ளுவர் நாணயம், காமராசர் நூற்றாண்டு நாணயம், அண்ணா நூற்றாண்டுக்கு 2009இல் வந்த ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக் காசு, எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். நாணயங்கள், 2024இல் கருணாநிதி நூறு ரூபாய் என வரிசை நீளும். அண்ணா காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே பொறிக்கப்பட்டிருக்கிறது. இவற்றுள் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் முகமதிப்புள்ள சில புழக்கத்துக்கும் வந்தவை. நூறு, ஆயிரம் ரூபாய் நாணயங்கள் சேகரிப்போருக்காகவே நாணயச்சாலைகள் விற்பவை. கைச்செலவுப் பணத்தில் சேர்ப்பவர் பின்னவற்றைத் தேடி ஓடவேண்டியதில்லை.

பழந்தமிழகக் காசுகள்

இத்துறைக்கு நூற்றாண்டு கடந்த எழுத்து மரபு உண்டு. வால்டர் எலியட்டின் தென்னிந்திய நாணய நூல் 1886இல் வந்தது. கேப்டன் டஃப்னெல் 1889இல் சென்னையிலிருந்து வெளியிட்ட நூல், தென்னிந்தியாவில் காசு சேர்ப்போருக்கான குறிப்புகள் என்றே தலைப்பிடப்பட்டது.

ஆனாலும் சங்க கால வேந்தர் தம் பெயரில் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை வாசித்து வெளியிட்டது பெரிய திருப்பம். அதையடுத்து ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’, ‘கொல்லிப்பொறை’ என்ற பெயர்கள் தாங்கிய சேரர் காசுகள் கரூர் அமராவதி ஆற்றுமணலிலிருந்து வெளிவந்தன. மாக்கோதை காசில் உள்ள தலையின் அமைப்பு ரோமானியக் காசுகளை நினைவூட்டும். கரூர், கோவை வட்டாரங்களில் ரோமானியக் காசு புழங்கியதற்குச் சான்றுகள் மிகுதி. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் ஒரே புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள்.

மாணவர் ஒருவர் உண்மையாகவே வாங்கக்கூடிய பழங்காசு இராசராசன் செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. தமிழ் வேந்தன் காசில் ஏன் நாகரி என்று கேள்வி எழும். எழட்டும், அதுவே வாசிப்புக்கு நல்ல தொடக்கம். இதே அமைப்பை இலங்கையில் பராக்கிரமபாகு, லீலாவதி முதலியோர் காசுகளிலும் காணலாம். யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசில் காளையின் கீழ்த் தமிழில் ‘சேது’ என்றிருக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளில் கதை சொல்லும் ஒன்று 1808ஆம் ஆண்டின் பத்துக்காசு, இருபதுக்காசு செப்பு நாணயம். இங்கிலாந்தில் போல்ட்டனின் சோஹோ ஆலையில் அச்சாகி சென்னைக்குப் புறப்பட்ட இக்காசுகளைச் சுமந்த ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அவை அள்ளி எடுக்கப்பட்டன. சென்னைச் சந்தையில் செலவாகியிருக்க வேண்டிய காசு, புழங்காத புதுக் காசாகவே இன்று விற்பனைக்கு வருகிறது. தரங்கம்பாடி டேனியர், புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினம், தூத்துக்குடி டச்சுக்காரர் காசுகளும் சிறியவை, தேய்ந்தவை, ஆனால் தேடினால் கிடைப்பவை.

கழுவுதலும் காப்பும்

பித்தளைக் குத்துவிளக்கு புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சிடும் என்று தெரிந்த வீட்டில், காசையும் அப்படியே தேய்த்துவிடுவது இயல்பு. புளியும் எலுமிச்சையும் அமிலம். செம்பின் மேல் ஆண்டுக்கணக்கில் படிந்து காக்கும் பழுப்புப் படிவை உரித்துவிடும். விபூதி, பற்பசை, சபீனா எல்லாம் நுண்ணிய கீறல் போடும். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைக் கண்டால் வியாபாரி விலையைப் பாதியாக்குவார், அதுவும் நல்ல மனிதராக இருந்தால். ஒட்டிய மண்ணை நீக்கக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, ஒற்றி எடுத்து உலர்த்துவதே போதும். பச்சைத் தூளாக உதிரும் களிம்பு நோய் போன்றது. அக்காசைப் பிரித்துத் தனியே வைக்கவேண்டும்.

காசை எப்போதும் விளிம்பில் பிடிக்கவேண்டும். மலிவான பி.வி.சி. ஆல்பங்கள் நாளடைவில் பசைபோல் கசிந்து காசைப் பச்சையாக்கும். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். நடுவில் மெல்லிய மைலார் தாள் வைத்த அட்டை ஹோல்டர் விலை குறைவு. கடற்கரை ஊர்களில் அதன் ஸ்டேப்லர் பின் துருவேறும் என்பதால் ஒட்டும் வகையை வாங்குவது நல்லது.

ஹோல்டரில் எழுதும் குறிப்பு காசுக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. ஆண்டு, நாணயச்சாலை, எடை, விட்டம், யாரிடம், எந்த ஊரில், எப்போது கிடைத்தது. ‘திருக்கோவிலூர் சந்தை, பழைய பாத்திரக்காரர்’ என்ற ஒரு வரி இருந்தால் ஆய்வாளருக்கு அது சான்று. இல்லாவிட்டால் அது வெறும் செப்புத் துண்டு. நம் தனியார் சேகரிப்புகளில் பெரும்பான்மை இந்த ஒரு வரி இல்லாமலே கிடக்கின்றன.

போலிகளும் மோசடிகளும்

‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1818’ என்று பொறித்து, இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும் கனத்த செப்புக்காசு கோயில் வாசல்களில் விற்கும். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. வெள்ளி ரூபாய்களில் 1939 அரிதானது என்பதால் அந்த ஆண்டுக்குப் போலிகள் மிகுதி. எடை, விட்டம், விளிம்பு வெட்டு மூன்றையும் பார்க்காமல் வாங்கக்கூடாது. வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த 2012ஆம் ஆண்டின் ஐந்து, பத்து ரூபாய் நாணயங்கள் லட்சக்கணக்கில் விலைபோகும் என்று வரும் விளம்பரங்கள் பொய். அவை சாதாரணப் புழக்க நினைவு நாணயங்கள். இவ்விளம்பரங்களின் முடிவில் வரியாகவோ கமிஷனாகவோ முன்பணம் கேட்பார்கள். தன் பெயரில் இப்படிப் பணம் பறிப்பது குறித்து ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அரிசியை இழுக்கும் சக்திவாய்ந்த காசு என்ற ‘ரைஸ் புல்லிங்’ மோசடியில் படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

பார்க்குமிடங்களும் சட்டமும்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சிக்கூடம் தமிழக மாணவருக்கு முதல் பள்ளி. மும்பையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகமும், நாசிக் அருகே ஆஞ்சநேரியில் நாணயவியல் ஆய்வு நிறுவனமும் உள்ளன. இந்திய நாணயவியல் கழகம் 1910 முதல் இயங்குகிறது. ஊர்ச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளில் மூத்த சேகரிப்பாளரிடம் இரட்டைக் காசுகளை மாற்றிக்கொள்வது, பணமின்றிச் சேகரிப்பை வளர்க்கும் பழைய வழி.

வயல் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ காசு கிடைத்தால் அது கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று நினைப்பது தவறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். நாணயத்தை உருக்குவதையும் சிதைப்பதையும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடுக்கிறது. நூறாண்டு கடந்த காசு, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ்த் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஊர் திரும்பும்போது, அவருக்கு 1957ஆம் ஆண்டு நயா பைசாவைக் கொடுத்தனுப்பலாம். விக்டோரியா தலை போட்ட ரூபாயைக் கொடுத்தனுப்பக்கூடாது.